காத்தாயியின் பின்னால் வந்த வாய்க்கால்

கடலுக்கும் ஊருக்கும் நடுவே காடு நிற்க, காட்டுக்கும் ஊருக்கும் நடுவே கன்னிமார் ஏழு பேரும் காவல் நிற்கிற கண்டல்திட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வாசல் தெளிக்கலாமென்று காத்தாயி கதவைத் திறந்தபோது, தெளிப்பதற்கு வாசலே இல்லை. வாசல் முழுக்கப் பந்தல் வாய்க்கால் வந்து படுத்திருந்தது.

மழை பெய்யவில்லை, கடல் பொங்கவில்லை, எங்கேயும் கரை உடையவில்லை. முந்தின நாள் வரை ஊருக்குக் கிழக்கே, படகுத்துறையும் தாண்டி, அலையாத்திக் காட்டின் நடுவயிற்றில், இரண்டு கரையிலும் சுரபுன்னை மரங்கள் கல்யாணப் பந்தல் போலக் கை கோத்து நிற்க, அவற்றின் கீழே வெயில் என்றால் என்னவென்று தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த வாய்க்கால் அது. தன் தண்ணீரையும் தன் சேற்றையும் தன் இறாலையும் தன் நண்டையும் வாரிச் சுருட்டிக்கொண்டு, கருவேலந்தோப்பைச் சுற்றி, ரேஷன் கடைச் சந்துக்குள் நுழைந்து, எவர் வீட்டுச் சுவரையும் இடிக்காமல், எவர் வீட்டுக் கோழியையும் நனைக்காமல் வந்து, காத்தாயி வீட்டுப் படிக்கல்லில் தலை வைத்துக் கிடந்தது. கடலோடு உள்ள தொடுப்பை மட்டும் அது விடவில்லை. வால் இன்னமும் கழிமுகத்தில்தான் இருந்தது.

காத்தாயி சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, கையை முழங்கை மட்டும் உள்ளே விட்டாள். சேறு அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்து, பிறகு விட்டது.

"வந்துட்டியா" என்றாள்.

பிறகு உள்ளே திரும்பி, "இந்தாய்யா, எழுந்திரு. கட்டிலத் தூக்கி அந்தாண்ட போடு. வாய்க்கா வந்திருக்கு" என்றாள், பெண் கொடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்த மாதிரி.

அவள் புருஷன் கலியபெருமாள் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "எந்த வாய்க்கா?"

"நம்ம வீட்டுக்கு எது வரும்? என்னுதுதான்."

"அப்ப நான் தொறைக்கு எப்படிப் போறது?"

"படகக் கொண்டாந்து வாசல்லயே கட்டிக்கோ. ஒனக்கு நடை மிச்சம்."

கண்டல்திட்டில் ஆண்கள் படகில் போவார்கள், பெண்கள் தண்ணீரில் போவார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி ஒன்று உண்டு. இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். ஆகையால் வேலை நேரத்தில் பேச்சு கிடையாது. ஆமாம் என்பதற்கு ஒரு ம், இல்லை என்பதற்கு ஒரு ம், பாம்பு வருகிறது என்பதற்கு ஒரு ம் என்று, காடு முழுக்கப் பெண்கள் முனகிக்கொண்டே இருப்பார்கள். கல்யாணமாகி வந்த பெண்ணை, கழுத்துக் கயிற்றின் மஞ்சள் வெளுப்பதற்குள் மாமியார் காட்டுக்கு அழைத்துப்போய், ஒரு வாய்க்காலில் இறக்கி, அவள் இரண்டு கையையும் சேற்றில் புதைத்து, "ஆயி, இது எங்க வூட்டுக்கு வந்த பொண்ணு. ஒன் வயித்துல கை வுடும். கெளுத்தி முள்ளக் காட்டாத. இது பெத்துக்கிற புள்ளைங்களுக்கும் சோறு போடு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருவாள். அன்றிலிருந்து அந்த வாய்க்கால் அவளுடையது. காத்தாயிக்குப் பந்தல் வாய்க்கால். அவள் பெற்ற மகளும் மகனும் அந்தத் தண்ணீரில் வளர்ந்து படித்து, ஒருத்தி திருப்பூரிலும் ஒருவன் ஓசூரிலும் வேலையில் இருக்கிறார்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு. பெண்ணையும் வாய்க்காலையும் சேர்த்து, இன்னார் வாய்க்கால் என்று அந்த வீட்டு ஆண்கள் வெளியாள் முன்னே வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வீட்டுப் பெண்ணின் பேரை நடுத்தெருவில் போட்டு மிதிப்பதற்குச் சமம் அது. ஊருக்குள் எல்லோருக்கும் தெரியும், அதனால் சொல்ல வேண்டிய தேவையும் இதுவரை வந்ததில்லை.

தேவை வந்தது சுற்றுலாக் கம்பெனி வந்தபோது. மஞ்சளும் சிவப்புமாக, வாழைப்பூ மடலைக் கவிழ்க்காமல் மிதக்கவிட்டது போல, ஒருவர் மட்டும் காலை நீட்டி உட்காருகிற சின்னப் படகுகளை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கயாக் என்று பேர் சொன்னார்கள். ஊர்ப் பெண்கள் மடல் என்றார்கள். பட்டணத்து ஆட்கள் அதில் உட்கார்ந்து, இருபுறமும் துடுப்புள்ள கம்பைச் சுழற்றிக்கொண்டு, காடு பார்க்கப் போவார்கள். மடலுக்குப் பயந்தவர்களுக்குப் பெரிய மரப்படகு. அதற்குத் துடுப்புப் போடத்தான் கலியபெருமாளுக்கு வேலை கிடைத்தது. மடல்காரர்களுக்குப் பந்தல் வாய்க்கால் ஒன்றே வேண்டியிருந்தது. காட்டிலாகா ரேஞ்சர் படகுத்துறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊர்ப் பெரியவரான தாண்டவராயனைக் கேட்டார்:

"பெரியவரே, இந்த வாய்க்கால்ல யார் தொழில் பண்றாங்க?"

தாண்டவராயன் காத்தாயியின் மாமனார். அவர் தலை குனிந்து நின்றார். ரேஞ்சர் மறுபடி கேட்டார். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். மருமகள் பேரை அந்நிய ஆண்கள் நடுவே சொல்லும்படி கேட்கிறாரே மனுஷன் என்று காது சிவக்க நின்றாரே தவிர வாய் திறக்கவில்லை.

"யாரும் இல்லியா? சரி" என்று ரேஞ்சர் எழுந்துவிட்டார்.

அந்த வாரமே வாய்க்காலின் வாயில் சிவப்பு மிதவை கோத்த கயிறு கட்டிவிட்டார்கள். காத்தாயி வழக்கம்போலப் பறியைக் கடித்துக்கொண்டு போனாள், காவலாளி விசில் ஊதினார். அவள் நின்றாள், அவர் ஊதினார், அவள் கயிற்றைத் தூக்கினாள், அவர் இன்னும் ஊதினார். திரும்பி வந்துவிட்டாள். வந்தவள் பறியை ஆணியில் மாட்டாமல் படிக்கல்லிலேயே வைத்துவிட்டு, "நீ தேடுவியே" என்று கிழக்கே பார்த்துச் சொன்னாள். அவ்வளவுதான். அவள் கூப்பிட்டாள் என்று பிற்பாடு சொன்னதெல்லாம் பொய், கூப்பிடவில்லை. யாருடையதும் இல்லை என்று சொல்லப்பட்ட இடத்தில் இருக்க அதற்குப் பிடிக்கவில்லை, வந்துவிட்டது.

வந்த வாய்க்காலை ஊர் பழக்கிக்கொண்டது, அல்லது அது ஊரைப் பழக்கிக்கொண்டது. கடல் ஏறும்போது அது படிக்கல்லைத் தொட்டு ஏறும், கடல் வற்றும்போது தெருவில் பாதியாக இளைத்துக் கிடக்கும். காத்தாயி எழுந்து நடந்தால் அதுவும் எழுந்து பின்னாலேயே வரும். கோயிலுக்கு வந்தால் வெளியே செருப்பு விடுகிற இடத்தோடு நிற்க வேண்டும் என்று ஊர் கூடிச் சொன்னது, நின்றது. சாவு வீட்டுக்கு வந்தால் கடைசியில் வர வேண்டும் என்றது, வந்தது. ரேஷன் கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் அது நின்றதால், அதற்கும் பின்னால் நின்றவர்கள் முழங்கால் தண்ணீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏம்மா, க்யூவுல தண்ணியெல்லாம் நிக்கக் கூடாது" என்று கடைக்காரர் கத்தினார்.

"அது அரிசி கேக்கல தம்பி, தொணைக்கு வந்திருக்கு" என்றாள் காத்தாயி.

டவுனுக்குப் போக அவள் பஸ் ஏறினபோது கண்டக்டர் இறங்கி வந்து பின்னால் எட்டிப் பார்த்து, "இதுக்கு டிக்கெட்டு யாரு எடுக்கிறது?" என்று கேட்டார். பஸ்ஸில் இருந்த யாரும் சிரிக்கவில்லை, நியாயமான கேள்விதான் என்று எல்லோரும் யோசித்தார்கள். வாய்க்கால் பாலம் வரை வந்து, அவள் திரும்பி வரும் வரைக்கும் பாலத்துக்கடியில் காத்துக் கிடந்தது.

ஒரே கஷ்டம் வெயில். பந்தலுக்குக் கீழே பிறந்து பந்தலுக்குக் கீழே வளர்ந்த தண்ணீர் அது. நடுத்தெரு வெயிலில் கிடந்து கஞ்சிபோலச் சுட, இறால்கள் தாங்காமல் துள்ளித் துள்ளித் திண்டாடின. பெண்கள் பார்த்தார்கள், வீட்டுக்கு ஒரு பழஞ்சேலை கொண்டுவந்து இந்தக் கூரைக்கும் அந்தக் கூரைக்குமாக இழுத்துக் கட்டினார்கள். பக்கத்து வீட்டுத் தனபாக்கியம், காத்தாயியோடு சேர்ந்து காட்டுக்குப் போகிறவள், தன் கூறைப்புடவையையே கொண்டுவந்து கட்டினாள்.

"ஏண்டி, இதயா?" என்றாள் காத்தாயி.

"இத எடுத்துக் குடுத்தவன் ஓடிப் போய்ட்டான். பொட்டில கெடந்து பூச்சி திங்கறதுக்கு வாய்க்காலுக்காவது நெழல் குடுக்கட்டும்." முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டே சொன்னாள். "அடுத்த கயிறு என் வாய்க்காலுக்குத்தானாம். அதுவும் இந்தத் தெருவுக்கே வந்தா எடம் பத்தாதுடி, இப்பவே சொல்லி வச்சிட்டேன்."

அந்தச் சேலை நிழலில், தன் வாசலிலேயே குனிந்து, காத்தாயி பறி நிறையத் தடவினாள். அக்கம்பக்கத்துப் பெண்களையும் தடவச் சொன்னாள். திருப்பூரிலிருந்து மகள் பூங்கோதை போன் பண்ணி, "யம்மா, அத அனுப்பிச்சிடாத, நான் வந்து பாக்கணும்" என்றாள். அனுப்ப நான் யார் என்று காத்தாயி கேட்டாள்.

ரேஞ்சர் வந்தார். கூடவே கம்பெனி மேனேஜரும் தொப்பியோடு வந்தார். அங்கே காட்டில் பந்தல் மட்டும் நிற்கிறது, கீழே வெறும் சேறு. காசு கட்டி வந்தவர்களின் மடல்கள் சேற்றில் சொருகிக்கொண்டு நிற்கின்றன, அவர்களைத் தூக்கிச் சுமந்து கரையேற்ற வேண்டியிருக்கிறது.

"அரசாங்கத்துத் தண்ணி இது. எடுத்துட்டு வந்தது குத்தம்மா" என்றார் ரேஞ்சர்.

"நான் எடுக்கல சார். அதுவா வந்துச்சு."

"அப்பப் போகச் சொல்லு."

"சொல்ல மாட்டேன் சார்."

"ஏன்?"

"வூட்டுக்கு வந்தத வாசல்ல நின்னு போன்னு சொல்ற பழக்கம் எங்களுக்கில்ல."

குரலை உயர்த்தாமல், தலைமுந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னாள். மேனேஜர் நல்லபடியாகப் பேசிப் பார்த்தார்.

"அக்கா, நீங்களும் வாங்க. டூரிஸ்ட் வர்ற நேரம் தண்ணில நின்னு இறால் தடவிக் காட்டுங்க. யூனிஃபார்ம் குடுப்போம். ஒண்ணே ஒண்ணு, பிடிச்சத மறுபடி உள்ளயே விட்டுடணும்."

காத்தாயி கேட்டாள்: "திரும்ப உடுறதுக்கு எதுக்கு சார் குனியணும்?"

தனபாக்கியம் சிரித்த சிரிப்பில் சேலைப் பந்தலே ஆடியது. அப்போதுதான், இத்தனை நாளும் மருமகள் முகத்தைப் பார்க்காமல் சோறு தின்று எழுந்துபோய்க்கொண்டிருந்த தாண்டவராயன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வாய்க்காலுக்கும் ரேஞ்சருக்கும் நடுவே நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்:

"காத்தாயி! இது காத்தாயி வாய்க்கா! என் மருமவ காத்தாயி தொழில் பண்ற வாய்க்கா!"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். பிறகு ஒருத்தி குலவையிட்டாள், எல்லோரும் குலவையிட்டார்கள். கிழவர் கண்ணில் நீரோடு நின்றார். காத்தாயிக்கு வெட்கத்தில் காது சுட்டது, கூடவே நெஞ்சில் என்னவோ ஒரு கதவு திறந்தது.

ரேஞ்சர் மட்டும் அசையவில்லை. "கேட்டப்பச் சொல்லியிருக்கணும் பெரியவரே. இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது?" காத்தாயியைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்பேன். தண்ணி அங்க வரல, சந்து முனையில ஜேசிபி வச்சு மண்ணக் கொட்டி அடச்சிடுவேன். கடல் தொடுப்பு அறுந்தா என்ன ஆகும்னு ஒனக்கே தெரியும். ஒன் வீட்டுக்காரன் துறையில துடுப்புப் போடறான், அதயும் நெனப்புல வச்சுக்க."

கடல் தொடுப்பு அறுந்த வாய்க்கால் குட்டையாகும், குட்டை நாறும். எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த நாளும் காத்தாயி வாசலிலேயே குனிந்து தடவினாள். ஜேசிபியைப் பார்த்துப் பயந்தவளில்லை. அவளை அசைத்தது வேறு. படகிலிருந்து வந்த கலியபெருமாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னய்யா?"

"பந்தல் மஞ்சளடிக்குது" என்றான். "எல எல்லாம் கொட்டுது. வேரு காத்துல தொங்குது பாவமா."

காத்தாயி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள். கயிறு கட்டினது ரேஞ்சர், கேட்டது கம்பெனி. மரம் என்ன பாவம் செய்தது? வாய்க்காலின் மேல் அத்தனை வருஷம் நிழலாய் நின்றவை அவைதானே. விடிந்ததும் குளித்து, கன்னிமார் ஏழு கல்லுக்கும் மஞ்சள் பூசி, பூ வைத்து, நெடுநேரம் நின்றாள். "தாய்மாரே, மரத்தச் சாவ வுட மாட்டேன். வாய்க்காலக் குடுக்கவும் மாட்டேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருந்தாக் காட்டுங்க. இல்லன்னா நானே போட்டுக்கிறேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள். கன்னிமார் எப்போதும்போல ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள அவளும் கற்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, துறையில் கூட்டம் நிறைந்திருந்த காலை நேரம், பறியை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் கிழக்கே நடந்தாள். வாய்க்கால் எழுந்தது. சேலைப் பந்தலின் கீழிருந்து தன்னை உருவிக்கொண்டு, ரேஷன் கடைச் சந்தில் திரும்பி, கருவேலந்தோப்பைச் சுற்றி, நண்டுகள் ஓரத்தில் ஓட, கொக்குகள் மேலே பறக்க, பெண்களெல்லாம் ஆளுக்கொரு பறியோடு கூட வர, ஊர்வலமாகப் போய்த் தன் பழைய இடத்தில் வழுக்கி இறங்கிப் படுத்தது. வறண்டு தொங்கின வேர்களுக்குள் தண்ணீர் நுழைந்த சத்தம், பசித்த பிள்ளை பால் குடிக்கிற சத்தம் போலக் காடு முழுக்கக் கேட்டது. துறையில் மேனேஜர் கைதட்டினார். மடல்காரர்கள் ஆரவாரத்தோடு துடுப்பைச் சுழற்றிக்கொண்டு பந்தலுக்குக் கீழே புகுந்தார்கள்.

காத்தாயி சிவப்பு மிதவைக் கயிற்றைத் தூக்கி, குனிந்து, உள்ளே இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தடவ ஆரம்பித்தாள்.

விசில் கேட்டது.

அவள் ஒரு இறாலைப் பறியில் போட்டாள்.

காவலாளி பக்கத்து ஊர்க்காரர், தன்மையான ஆள். ஊதி ஊதி ஓய்ந்து கரையில் குந்தி உட்கார்ந்தார். "யக்கா, அதான் கொண்டாந்து வுட்டுட்டீங்கல்ல, ஏறி வாங்கக்கா. என் வேல பூடும்."

"ம்ஹும்" என்றாள்.

மேனேஜர் ஓடிவந்தார். "வெளிய கூட்டிட்டுப் போய்யா!" என்றார். காவலாளி வேறு வழியில்லாமல் இறங்கி அவள் கையைப் பிடித்தார். அவள் திமிறவில்லை, திட்டவில்லை. அவர் அழைத்தபடியே கரையேறி, நடந்தாள்.

வாய்க்கால் எழுந்தது. அதன் மேல் இருந்த மடல்களும் எழுந்தன. மடல்களில் இருந்தவர்கள், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும், அவள் புருஷனும், தலைக்கவசம் அணிந்த இன்னும் பலரும், துடுப்பைத் தூக்கியது தூக்கியபடி காட்டைவிட்டு வெளியே வந்து, கருவேலந்தோப்பைச் சுற்றிக்கொண்டு, ரேஷன் கடைச் சந்துக்குள் மிதந்து வந்தார்கள்.

"இது ரூட்ல இருக்கா?" என்று கறுப்புக் கண்ணாடிப் பெண் கரையோரம் நடந்துவந்த தனபாக்கியத்தைக் கேட்டாள்.

"இருக்கு கண்ணு. இந்தாண்ட ரேசன் கட, அந்தாண்ட பால்வாடி. நல்லாப் பாத்துக்க, இதுக்குத் தனிக் காசு இல்ல."

காத்தாயி தன் வீட்டுப் படிக்கல்லில் வந்து நிற்க, அவளைத் தொடர்ந்து வாய்க்கால் வந்து படுக்க, மடல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றன. வந்தவர்கள் வந்துவிட்டார்கள், என்ன செய்வது; அவள் உள்ளே போய் மோர் கரைத்துக் கொண்டுவந்து ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள். மடலில் உட்கார்ந்தபடியே வாங்கிக் குடித்தார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள்:

"அப்போ நீங்க அங்க இருந்தாத்தான் தண்ணி அங்க இருக்குமாக்கா?"

"இருந்தாப் பத்தாதும்மா. வேல செய்யணும். பாவலா பண்ணுனா அதுக்குத் தெரியும்."

"உங்கள ஏன் வெளிய கூட்டிட்டு வந்தாங்க?"

"அதுல யாரும் தொழில் பண்ணலன்னு முடிவு பண்ணிட்டாங்க."

அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள். புருஷன் காவலாளியைப் பார்த்தான். காவலாளி, கையில் மோர் டம்ளரோடு, ஆகாயத்தைப் பார்த்தார். மரம் இன்னும் பாதிதான் குடித்திருக்கும் என்று காத்தாயிக்கு நினைப்பு வந்தது. டம்ளர்களை வாங்கிக் கவிழ்த்துவிட்டு, பறியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் மறுபடியும் கிழக்கே நடந்தாள். வாய்க்காலும் மடல்களும் பெண்களும் பின்னால். காவலாளி விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைசியாக வந்தார்.

சேதி போய், ரேஞ்சர் வந்தார். நடந்து வரவில்லை; துறையிலிருந்து மரப்படகில், கலியபெருமாள் துடுப்புப் போட, முன்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். பந்தலுக்குக் கீழே படகு நுழைந்தபோது அங்கே இருந்தது ஒருத்தி மட்டுமல்ல. காத்தாயிக்கு இந்தப் பக்கம் தனபாக்கியம், அந்தப் பக்கம் மற்றவர்கள், கரைக்குக் கரை வரிசையாகப் பெண்கள் குனிந்திருந்தார்கள். எல்லோர் பல்லிலும் பறி. அவர்களை ஒட்டி மடல்கள் ஒதுங்கி நின்றன. மேலே இலைகளின் மஞ்சள் ஓரத்திலிருந்து கரைய ஆரம்பித்திருந்தது.

"காத்தாயி! மேல ஏறி வா. பேசணும்" என்றார் ரேஞ்சர்.

அவள் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒன்னத்தாம்மா! மேல வந்து நின்னு பேசு!"

"ம்" என்று ஒரு முனகல். அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் அதே ம்மைச் சொன்னார்கள். காடு வண்டுக்கூடு போல ரீங்கரித்தது.

ரேஞ்சருக்கு முகம் சிவந்தது. "படகத் திருப்புடா" என்றார் பின்னால் பார்க்காமல். "திருப்பு. நேரா ஜேசிபிய வரச் சொல்றேன்."

கலியபெருமாள் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தான். நீர் சொட்டச் சொட்ட அதைத் தன் தொடைமேல் குறுக்கே வைத்தான். இரண்டு கையையும் அதன்மேல் மடித்து வைத்துக்கொண்டான்.

"திருப்புன்னேன்."

"கை வலிக்குது சார்" என்றான் கலியபெருமாள். வாழ்நாளில் கை வலிக்கிறது என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. வேலை போய்விட்டது என்று அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். குனிந்தபடியே அவள் ஒரு கணம் அசையாமல் நின்றாள்.

படகு நடு வாய்க்காலில் நின்றது. துடுப்பு இல்லாமல் எங்கே போகும்? முன்னால் பெண்கள், பக்கத்தில் மடல்கள், மேலே மரம். கறுப்புக் கண்ணாடிப் பெண்ணும் அவள் புருஷனும் மற்றவர்களும் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டார்கள். ஒரு மடல்கூட ரேஞ்சருக்கு வழி விட்டு நகரவில்லை.

அப்போது காத்தாயி நிமிர்ந்தாள். முழங்கை வரை சேறு. பல்லிலிருந்து பறியை எடுத்து, இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"சார், நான் ஏறி வந்தா இதுவும் கூட வந்துடும், மரம் செத்துப் போய்டும். ஏற மாட்டேன். இன்னிக்கில்ல, நாளைக்கில்ல, என் ஒடம்புல தெம்பு இருக்கிறவரைக்கும் வருவேன், எறங்குவேன். மடலுங்க வரட்டும், போவட்டும், நான் தடுக்கல. பேசணும்னா நீங்க எறங்கி வாங்க. இங்க நின்னு பேசுவோம்."

சொல்லிவிட்டுக் கயிற்றை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

கடல் ஏறிக்கொண்டிருந்தது, வாய்க்கால் அவள் இடுப்பைச் சுற்றி மெல்ல உயர்ந்தது. ரேஞ்சர் பந்தலைப் பார்த்தார், துடுப்பைப் பார்த்தார், குனிந்த முதுகுகளைப் பார்த்தார். பிறகு முன்பலகையில் உட்கார்ந்தபடியே பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். பேண்ட்டை முழங்கால் மட்டும் சுருட்டினார். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இறக்கினார். சேறு அந்தக் காலைத் தொடை வரை வாங்கிக்கொண்டது. இன்னொரு கால் படகிலேயே இருக்க, அவர் அப்படியே தொங்கிக்கொண்டு நின்றார்.

தனபாக்கியம் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அந்தக் காலயும் எறக்குங்க சார். ஒத்தக் கால்ல நின்னு இங்க ஒண்ணும் பேச முடியாது."

ரேஞ்சர் அந்தக் காலையும் இறக்கினார்.